வலது கால் வண்டி

சின்னவளுக்கு இடது கணுக்கால் மடங்காது. பதினோரு வயதில் மாடிப்படியில் உருண்டு உடைந்தது. கட்டுப் போட்டவர் அவசரத்தில் போட்டாரோ அசட்டையாகப் போட்டாரோ, எலும்பு கூடியபோது மூட்டும் சேர்ந்து இறுகிப் போனது. நடப்பாள், படி ஏறுவாள், கிளம்பிவிட்ட பேருந்தைத் துரத்திப் பிடிப்பாள். பாதத்தை மட்டும் தூக்கச் சொன்னால் தூக்காது. காலோடு சேர்ந்து பலகை மாதிரி நிற்கும்.

பத்தொன்பது வயதில் வண்டி ஓட்ட உரிமம் எடுக்கப் போனாள். அன்றைக்கு இருந்த அதிகாரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"இடது காலால கியரைத் தூக்க முடியுமா?"

"முடியாது சார்."

"அப்ப ஸ்கூட்டர்தான்."

'கியர் இல்லாத வண்டி மட்டும்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அந்த ஒற்றை வரியோடு பதினைந்து வருஷம் ஸ்கூட்டர் ஓட்டினாள். ஸ்கூட்டர் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. தானாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அதையே சந்தோஷமாக ஓட்டியிருப்பாள். அந்த வரிதான் செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

வேலை, மூக்குக் கண்ணாடிக் கடையில். முன்பக்கம் முதலாளி சிரித்துப் பேசி விற்பார். பின்பக்கம் கல் சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன அறையில் இவள் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைப்பாள். ஒரு மயிரிழை அதிகம் தேய்த்தால் லென்ஸ் ஆடும், ஒரு மயிரிழை குறைந்தால் சட்டம் வெடிக்கும். அந்த அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்தது.

ஒருநாள் கண்ணாடிக்குத் திருகு மாற்றிக்கொண்டு போன ஒரு வழுக்கைத் தலைக்காரர், வாசலில் நிறுத்தியிருந்த பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். பிறகு வலது காலை நகர்த்தி எதையோ தூக்கினார். வண்டி புறப்பட்டது. சின்னவளுக்குக் கை நின்றுவிட்டது. வேறு யாருடையதோ பாதி தேய்த்த லென்ஸைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடினாள்.

"சார், நில்லுங்க. இப்ப எந்தக் காலால கியர் போட்டீங்க?"

"ஏம்மா, தப்பா போட்டுட்டனா?"

"இல்ல சார். மறுபடி ஒரு தடவை போடுங்க."

அவர் வண்டியை நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டினார். அந்தக் காலத்து வண்டிகளில் கியர் வலது பக்கம்தான், பிரேக் இடது பக்கம், பிறகு வந்தவர்கள்தான் மாற்றிவிட்டார்கள் என்றார்.

"அப்ப இடது காலுக்கு என்ன சார் வேலை?"

"பிரேக்கை மிதிக்கணும்."

"தூக்க வேண்டாமா?"

"பிரேக்கை யாராவது தூக்குவாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, இவள் கையிலிருந்த லென்ஸை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

மிதிக்க இவளால் முடியும். கணுக்கால் வராவிட்டால் என்ன, தொடையிலிருந்து முழுக் காலாலும் மிதிக்கலாம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவின் தையல் மெஷின் முன் உட்கார்ந்து, இடது காலால் மிதிபலகையை ஓங்கி மிதித்துப் பார்த்தாள். ஊசி சர்ரென்று இறங்கியது.

"துணி இல்லாம ஓட்டாதடி, மெஷின் பல்லு தேயும்," என்றாள் பெரியவள்.

பெரியவள் என்பது அக்கா. தையல்காரி. வீட்டின் முன்னறையில் இருபது வருஷமாகத் தைக்கிறாள். ஒருவருக்கு ஒருமுறை அளவெடுத்து நோட்டில் எழுதிவிட்டால் அவர்கள் இளைத்தாலும் பெருத்தாலும் வாசலில் வரும்போதே சொல்லிவிடுவாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டுப் பூட்டுவாள். மழையானாலும் காய்ச்சலானாலும் அது தப்பாது. அவள் கணவர், அதாவது மாமா, பேருந்து ஓட்டுநர். சின்னவளுக்கு அந்த வீட்டில் மாடியறை.

விஷயத்தைக் கேட்டதும் மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "பழைய வண்டிக்கு ஆசைப்பட்டு ஒத்தைக் கால்ல நிக்கிறே."

"எனக்கு இருக்கிறதே ஒண்ணரைக் கால்தானே மாமா."

மாமா மறுபடி சோற்றைப் பிசைந்தார். பெரியவள் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணும்னா வாங்கு. அரைகுறையா விட்டுட்டு மாடியில போய்ப் படுத்துக்கிட்டா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்," என்றாள்.

நான்கு மாதம் தேடினாள். ஒரு அச்சகத்தின் பின்கட்டில், கிழிந்த தார்ப்பாயின் கீழ், பதினான்கு வருஷமாகச் சக்கரம் மண்ணில் புதைந்தபடி நின்ற ஒரு வண்டி கிடைத்தது. ஒற்றை சிலிண்டர். இருக்கைக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. கியர் மிதி வலது பக்கம் இருந்தது. அச்சகக்காரர் மகளுக்கு ஸ்கூட்டர் தேடிக்கொண்டிருந்தார். சின்னவள் தன் ஸ்கூட்டர் சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, இந்த வண்டியைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். இனிமேல் வேலைக்குப் பேருந்துதான்.

"ஓடுற வண்டியைக் கொடுத்து ஓடாத வண்டியை வாங்கின முதல் ஆள் நீதான். நம்ம வீட்டுல ஒரு எஞ்சினீயரம்மா," என்றார் மாமா.

அதே வாரம் உரிம அலுவலகத்துக்கும் போனாள். நாற்காலியில் இப்போது வேறு அதிகாரி. விண்ணப்பத்தையும் பழைய வரியையும் மாறி மாறிப் பார்த்தார். வலது பக்கம் கியர் என்பதை அவரால் நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

"பழகுறதுக்கு ஆறு மாசம் அனுமதி தர்றேன். அதுக்குள்ள அந்த வண்டியிலேயே வந்து ஓட்டிக் காட்டுங்க. வரலேன்னா பழைய வரி அப்படியே இருக்கட்டும். மறுபடி மறுபடி இந்தக் கோப்பை என்னால திறக்க முடியாது."

அந்த அனுமதிச் சீட்டை வீட்டுப் பின்னறைச் சுவரில் ஒட்டினாள். ஆறு மாதம். கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஓட்டிக் காட்டும் முறை.

பின்னறையில் பெரியவள் வெட்டுமேஜையை ஓரம் தள்ளி இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். தரையில் செய்தித்தாள் விரித்தார்கள். பிரிக்கிற வேலை சின்னவளுக்கு, கணக்கு பெரியவளுக்கு. வெட்டுத் துணி மிச்சத்தில் சுருக்குப் பைகள் தைத்தாள் பெரியவள். வலது பக்கச் சாமான்களுக்குச் சிவப்பு நூல், இடது பக்கத்துக்கு நீலம். ஒவ்வொன்றிலும் நூலாலேயே எண் தைத்தாள். எந்த எண்ணில் எது, எத்தனை என்று அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பை. சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டபோது, குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பைகளை மாட்டி வைத்த மாதிரி இருந்தது.

"இதுல ஒரு திருகு குறைஞ்சா என்னைக் கேளு," என்றாள்.

பெட்ரோல் தொட்டிக்குள் துரு. ஒரு கை நிறைய நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும். அந்த வேலை மாமாவுக்கு விழுந்தது. செய்தி கேட்டுக்கொண்டே தொட்டியை மடியில் வைத்து ஒரு வாரம் குலுக்கினார். "பேருந்துல நூறு பேரைக் குலுக்கினது போதாதுன்னு இது வேற," என்று புலம்பினாரே தவிர, ஒருநாள்கூட விடவில்லை.

சிலிண்டரைக் குடைய மட்டும் லேத் பட்டறைக்குப் போனாள். மற்றதெல்லாம் வீட்டிலேயே. வால்வு தேய்க்கிற வேலைக்குத் தனியாக ஒரு ஆளைப் பிடிக்கச் சொன்னார் லேத்காரர். சின்னவள் அரைப்புப் பசையைத் தொட்டுக்கொண்டு தானே உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை வைத்து அரை வட்டம் இப்படி, அரை வட்டம் அப்படி. அவளுக்கு அது புது வேலையே இல்லை. மூன்றாம் நாள் லேத்காரர் வந்து, வால்வு உட்காரும் இடத்தில் படிந்திருந்த சாம்பல் நிற வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். எங்கேயும் அறுபடாமல் ஒரே அகலத்தில் ஓடியது. "இது யார் தேய்ச்சது?" என்று கேட்டார். "நான்தான்" என்றதும், "கண்ணாடிக் கடையில எவ்வளவு நாளா இருக்கே?" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்தால் அவ்வளவுதான் வரும்.

பிரேக் மிதி வேறு சங்கடம். இவள் பாதம் நிற்கிற கோணத்துக்கு மிதி மிகவும் மேலே இருந்தது. பெரியவள் அளவு நாடாவோடு வந்தாள். தங்கையை வண்டிமேல் உட்கார வைத்து, முழங்காலிலிருந்து குதிகாலுக்கு, குதிகாலிலிருந்து கட்டை விரலுக்கு அளந்தாள். பாதத்தில் துணி வெட்டும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

"கூசுதுக்கா."

"அசையாதே. சட்டைக்கு அளவெடுத்தா இப்படித்தான் நெளிவியா?"

மிதியை ஒன்றேகால் அங்குலம் இறக்கி, முனையைக் கொஞ்சம் வளைத்துப் பற்றவைத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு சின்னவள் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம், நின்ற இடத்தில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கியர் போட்டுப் பழகினாள். முதல் கியருக்கு மேலே, மற்ற மூன்றுக்கும் கீழே. எஞ்சின் இல்லாத வெறும் சட்டத்தில் உட்கார்ந்து வாயால் சத்தம்கூடப் போடாமல் ஓட்டுகிறவளைப் பார்த்து மாமா, "டிக்கெட் எங்கே எடுக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஆறாவது மாதம் தொடங்கும்போது கியர் பெட்டியைப் பிரித்தாள். பல் சக்கரங்களைக் கழுவி, புது பேரிங் போட்டு, மெல்ல மெல்லப் பூட்டினாள். அதே சமயத்தில் முன்னறையில் பெரியவளுக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்தது. பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. மெஷினோ நூலை ஒழுங்காக இழுக்கவில்லை. மேலே தையல் நேராக இருக்கும், அடியில் திருப்பினால் நூல் சுருள் சுருளாகத் தொங்கும். ஊசி மாற்றினாள். நூல் மாற்றினாள். அடிநூல் கட்டையை மாற்றினாள். தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தாள். கடைசியில் பழி நூல் கடைக்காரர் தலையில் விழுந்தது. நேரில் போய், "இது நூலா, இல்ல சிக்கா? இருபது வருஷ வாடிக்கைக்குக் கொடுக்கிற மரியாதையா இது?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டுவிட்டு வேறு கடைக்கு மாறினாள். புதுக் கடை நூலும் அடியில் சுருண்டது.

சோதனைக்கு முந்தின சனிக்கிழமை மாலை, கியர் பெட்டியின் கடைசித் திருகையும் முடுக்கிவிட்டுச் சின்னவள் முதுகை நிமிர்த்தினாள். சுவரில் சிவப்புப் பை, நீலப் பை எல்லாம் காலி. மண்ணெண்ணெய்த் தட்டைக் கொட்டப் போனாள். அடியில் ஏதோ பளபளத்தது.

ஒரு வட்டத் தகடு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் ஓட்டை. சின்னத் தட்டு மாதிரி லேசாகக் குழிந்திருந்தது.

கியர் பெட்டிக்குள் போக வேண்டியது வெளியே இருக்கிறது என்றால், உள்ளே எதுவோ இடைவெளியோடு சுற்றும். ஓடும்போது பல் சக்கரம் நகர்ந்து இறுகிக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். மறுநாள் விடிந்ததும் தகட்டை எடுத்துக்கொண்டு லேத்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"பழைய வண்டியைப் பூட்டினா ஒண்ணு ரெண்டு மிச்சம் வரத்தான் செய்யும். நானும் முப்பது வருஷமா பார்க்கிறேன். தூக்கிப் போட்டுட்டு ஓட்டு."

"எதோடதுன்னு தெரியாம எப்படி ஓட்டுறது?"

"வெள்ளிக்கிழமை சோதனையை வெச்சுக்கிட்டு இப்பப் பிரிச்சா பூட்டி முடிக்க மாட்டே, சொல்லிட்டேன்."

"பூட்டலேன்னா ஸ்கூட்டர்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். பாதி வழியில சக்கரம் நிக்கிற வண்டியில ஏற மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பெரியவளிடம் தகட்டைக் காட்டவில்லை. ஆறு மாதமாக ஒரு திருகு பிசகாமல் எண்ணி வைத்தவளிடம் போய், உன் கணக்கு தவறிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? தகட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அதை ஒரே பார்வையில் அடையாளம் சொல்லியிருக்கக்கூடிய ஆளிடமிருந்துதான் அதை மறைத்தாள். அது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஞாயிறு முற்பகல் எண்ணெயை வடித்துவிட்டு மூடியைத் திறந்தபோது பெரியவள் வாசலில் வந்து நின்றாள்.

"பூட்டினதை எதுக்குப் பிரிக்கிறே?"

"ஒரு சந்தேகம்க்கா."

"என்ன சந்தேகம்? நூத்திப் பன்னெண்டு பையும் காலி. நோட்டுல எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கேன்."

"உன் கணக்கு சரிதான். என் கைமேலதான் சந்தேகம்."

பெரியவள் நம்பவில்லை. தோளில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே போய்விட்டாள். அன்று மதியம் சாப்பாட்டை மூடி வைத்தாளே தவிர, கூப்பிடவில்லை.

திங்களும் செவ்வாயும் விடுப்பு எடுத்தாள் சின்னவள். ஒவ்வொரு பல் சக்கரத்தையும் வெளியே எடுத்தாள். ஒவ்வொரு தண்டிலும் தகட்டை வைத்துப் பார்த்தாள். எந்தத் தண்டிலும் ஏறவில்லை, ஓட்டை சிறியது. சின்ன முளைகளில் வைத்தால் லொடலொடவென்று ஆடியது. உள்ளே ஒரு சாமானும் குறையவில்லை, ஒன்றும் இடம் மாறவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. செவ்வாய் மதியம் வரை அப்படியே போனது. தரையில் கியர் பெட்டி குடல் வெளியே வந்த மாதிரிக் கிடந்தது. சுவரில் அனுமதிச் சீட்டு, நடுவில் மூன்று நாள்.

மாமா எட்டிப் பார்த்தார். "எஞ்சினீயரம்மா, இன்னும் மூணு நாள் இருக்கா, இல்ல மூணு நாள்தான் இருக்கா?"

"போங்க மாமா, விளையாடாம."

"சரி, நான் பேசலை. பேசலேன்னா தண்ணியாவது குடிப்பியா?" என்று செம்பை வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, லென்ஸில் கீறல் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டாள். எங்கே பொருந்தும் என்று தேடித் தேடி அலுத்துப்போயிருந்தது. எதனால் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. தகட்டின் குழிந்த பக்கம் கரடு. புடைத்த பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் ஓரத்தில் மயிரிழையைவிட மெல்லியதாக ஒரு வளைந்த தடம். இரும்பும் இரும்பும் உரசினால் இப்படித் தேயாது. வெட்டும், வரி வரியாக வரும். இது பல வருஷம் ஏதோ மென்மையானது ஒரே இடத்தில் வழுக்கி வழுக்கிப் போன தடம்.

முன்னறையில் மெஷின் நின்றது. "சனியன் பிடிச்ச நூல்," என்று பெரியவளின் குரல் கேட்டது.

சின்னவள் எழுந்தாள். கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. முன்னறைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"அக்கா, இது என்ன?"

பெரியவள் ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"டென்ஷன் தட்டு. நூலை அழுத்திப் பிடிக்கிறது. இதுக்கு நடுவுலதான் நூல் ஓடும்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிக்கொண்டு வந்தது. "ரெண்டு இருக்கும்."

கை தானாக மெஷினின் முன்பக்கத் திருகுக்குப் போனது. கழற்றினாள். சுருள்கம்பி வந்தது. ஒரு தட்டு வந்தது. ஒன்றுதான் வந்தது.

போன மாதக் கடைசி ஞாயிறு. வெட்டுமேஜை முழுக்கக் கியர் பெட்டிச் சாமான். இன்னொரு தட்டை எடுப்பானேன் என்று பெரியவள் தன் மெஷின் உறுப்புகளையும் தங்கையின் மண்ணெண்ணெய்த் தட்டிலேயே போட்டுக் கழுவினாள். சீருடை அவசரம். எண்ணெய் பட்டால் அந்த இரண்டு தகடும் ஒட்டிக்கொண்டு ஒன்று போலிருக்கும். ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஒன்றைப் பூட்டிவிட்டாள். அதன் பிறகு மெஷினில் எதையெல்லாமோ மாற்றியவள், அந்த ஒரு இடத்தை மட்டும் திறக்கவே இல்லை. தான் கழுவிப் பூட்டிய இடத்தில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே கிடையாது.

"இது எப்பக் கிடைச்சுது உனக்கு?"

"சனிக்கிழமை."

"ஏன்டி என்கிட்ட கேக்கலை?"

"உன் கணக்கு தப்புன்னு நீ நினைச்சுக்குவேன்னு..."

"கணக்கு தப்பில்லை." பெரியவள் தகட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "என் கணக்கு சரி. என் மெஷின்தான் தப்பு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று சொல்ல முடியாது. உள்ளேயிருந்து மாமா வந்து விவரம் கேட்டுவிட்டு, "ஆக, மூணு நாளா இவ உன் மெஷின் தட்டுக்குத் தன் வண்டிக்குள்ள இடம் தேடிக்கிட்டிருக்கா. நீ இவ சட்டைப் பையில இருக்கிறதை நூல் கடையில தேடிக்கிட்டிருக்கே," என்றார். அதற்குப் பெரியவள் சிரிக்கவில்லை. நூல் கடைக்காரர் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பெரியவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். "சீருடையை நாளைக்கு மறுநாள் கொடுத்தா உலகம் கவுந்திடாது. வா."

இரண்டு பேரும் பின்னறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெரியவள் எண்ணைச் சொல்லிச் சாமானைக் கொடுத்தாள். சின்னவள் வாங்கிப் பூட்டினாள். முதல் தடவை ஆறு நாள் பிடித்த வேலை. இப்போது எது எங்கே என்று விரலுக்கே தெரிந்திருந்தது. செவ்வாய் மாலை முழுக்க ஓடியது. புதன் காலை வெயில் ஜன்னலுக்கு வரும்போது மூடி இறங்கியது, எண்ணெய் ஊற்றியாயிற்று. மண்ணெண்ணெய்த் தட்டைத் திருப்பிக் காட்டினாள் பெரியவள். சுத்தமாக இருந்தது.

வண்டியைப் பின்முற்றத்துக்குத் தள்ளினார்கள். அழுத்தத்தை விடும் சின்னப் பிடியை இழுத்துக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்கினாள். விளக்குக்கு மேலே மின்சார ஓட்டத்தைக் காட்டும் மானியின் முள் நடுவுக்கு வந்ததும் பிடியை விட்டு, ஒரே உதை. ஒன்றுமில்லை. பத்து உதை. இருபது. மூச்சு வாங்கியது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளியை லென்ஸ் அளக்கும் கருவியால் அளந்து சரிசெய்து, மறுபடி உதைத்தாள். முப்பத்தொன்றாவது உதைக்கு வண்டி ஒருமுறை இருமியது. அடுத்ததற்குப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. பதினான்கு வருஷத் தூசு சைலன்சர் வழியாக மாமாவின் வேட்டிமேல் இறங்கியது. சலவை செய்த வேட்டி. அவர் அசையாமல் நின்றார்.

புதன் மாலையும் வியாழன் காலையும் விளையாட்டுத் திடலில் ஓட்டினாள். பதினைந்து வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவளுக்குச் சமநிலை புதிதல்ல. வலது கால் எட்டு வாரமாகக் கண்ணை மூடிக்கொண்டு பழகிய கால். இடது கால் பலகை மாதிரி இறங்கி மிதித்தது, வண்டி நின்றது. ஒன்றேகால் அங்குலம் சரியான அளவு.

வெள்ளி காலை பத்து மணிக்கு அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து குனிந்து, வலது பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நிஜமாவே கியர் இந்தப் பக்கம்தான் இருக்கு."

"ஆமா சார்."

பக்கத்திலிருந்த எழுத்தரிடம், "இடது காலாலதான் போடணும்னு எங்கேயாவது எழுதியிருக்கா?" என்றார். எழுத்தர் தலையைச் சொறிந்தார். "எழுதின மாதிரித் தெரியலை சார்."

"அப்ப ஓட்டட்டும். எட்டு போட்டுட்டு, மேட்டுல நிறுத்தி, மறுபடி எடுத்து வரணும். கால் தரையில படக்கூடாது, மேட்டுல நிறுத்தும்போது மட்டும் ஊணலாம்."

எட்டு சுலபமாக வந்தது. மேட்டில் நிறுத்தினாள். மறுபடி எடுக்கும்போது கிளட்சைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிட்டாள். எஞ்சின் அணைந்தது. வரிசையில் நின்ற யாரோ 'த்சொ' கொட்டியது காதில் விழுந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"சார், அணைஞ்சாத் திரும்பக் கிளப்பக்கூடாதுன்னு சொல்லலையே?"

அவர் பேனாவை நிறுத்தினார். "ஒரு தடவை. ஒரே உதை."

சின்னவள் அவசரப்படவில்லை. முழு இடது காலாலும் பிரேக்கை மிதித்து, முன்கை பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, வலது காலைத் தரையில் ஊன்றி வண்டியை நிலைக்குக் கொண்டுவந்தாள். பிறகு முன்பிரேக்கின் பிடியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலால் கியரை நடுநிலைக்குத் தள்ளினாள். மடங்காத கணுக்கால் முளை மாதிரி நின்றது, வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் நகரவில்லை. சின்னப் பிடியை இழுத்தாள். கிக்கரை இறக்கினாள். முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்தாள். வேலிக்கு வெளியே சுருக்குப் பையில் ஸ்பேனர் செட்டோடு நின்ற பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரே உதை. பிடித்துக்கொண்டது.

மேடு ஏறி இறங்கி வந்து நின்றபோது அதிகாரி பழைய உரிமத்தை எடுத்து, அந்த ஒற்றை வரிமேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். "புது அட்டை தபால்ல வரும். அதுவரைக்கும் இதை வெச்சுக்குங்க." பிறகு, "அந்த வண்டி கிடைக்கிறது கஷ்டமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கிடைக்கும் சார். பூட்டுறதுதான் கஷ்டம்."

வெளியே வந்து, கோடு கிழித்த தாளை அக்காவிடம் காட்டினாள். பெரியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேராகக் கிழித்திருக்கிறாரா என்று பார்ப்பது போலிருந்தது. பிறகு நான்காக மடித்து, நூற்றுப் பன்னிரண்டாம் எண் பையில் போட்டுச் சுருக்கை இழுத்துக் கட்டிக் கொடுத்தாள்.

"ஏறுக்கா."

"எனக்குப் பயமா இருக்குடி."

"கியர் பெட்டியை ரெண்டு தடவை பூட்டியிருக்கோம். இன்னுமா பயம்?"

பெரியவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். சின்னவள் வலது கால் விரலால் கியரைத் தூக்கினாள்.

"வீட்டுக்குத்தானே?"

"முதல்ல நூல் கடைக்கு விடு," என்றாள் பெரியவள். "வாசல்லயே இறக்கி விட்டுட்டுப் போயிடாதே. உள்ள வந்து பக்கத்துல நில்லு."